எட்டாவது வெற்றி: சுமோ பற்றி நீங்கள் கேட்டவை

வேலைக்காக டோக்கியோவில் சில வருடம் இருந்தேன். சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்பினால் டிவியில் சுமோ ஓடிக்கொண்டிருக்கும். அப்படித் தொற்றிய பழக்கம் ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை.

கேள்வி: அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு பெரிய உடம்பு முட்டிக்கொள்கிறது, பத்து நொடியில் கதை முடிந்தது. இதில் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது?

எனக்கும் முதல் மூன்று நாள் அப்படித்தான் இருந்தது. விதி இரண்டு வரிதான். வட்டத்துக்கு வெளியே கால் பட்டால் தோல்வி. உள்ளேயே இருந்தாலும் பாதம் தவிர வேறு எது தரையைத் தொட்டாலும் தோல்வி. களிமண் மேடையில் 4.55 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம். எடைப்பிரிவு கிடையாது, 100 கிலோ ஆள் 180 கிலோ ஆளோடு மோத வேண்டியதுதான்.

என்னை மாற்றியது ஒரு காலை வேளை. ரியோகோகுவில் உள்ள கொகுகிகான் அரங்கத்துக்கு மலிவான மாடி டிக்கெட் எடுத்து, விடிந்ததும் போய்விட்டேன். கீழ்மட்டப் பையன்கள் மோதும் நேரம் அது. அவ்வளவு பெரிய அரங்கில் அங்கொருவர் இங்கொருவராகத்தான் ஆட்கள். இருவர் குனிந்து முஷ்டியைத் தரையில் ஊன்றும் வரை சத்தமே இல்லை. அப்புறம் நெற்றியும் நெற்றியும் மோதிய ஓசை மாடி வரைக்கும் கேட்டது, கோயில் வாசலில் சிதறுகாய் உடைத்த மாதிரி. டிவியில் அது கேட்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொடங்க விசில் கிடையாது, மணி கிடையாது. இரண்டு பேரும் கையை ஊன்றி, ஒரே நேரத்தில் பாய வேண்டும். எதிராளியின் மூச்சைப் படித்துத்தான் கிளம்ப முடியும். மேல்மட்ட ஆட்டங்களில் அதற்கு முன் நான்கு நிமிடம் வரை உப்பு வீசி, முறைத்து, திரும்பிப்போய், மறுபடி வந்து குந்துவார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது வெட்டி நேரம். பழகியவருக்கு ஆட்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கேள்வி: தம்பி, இதில் புள்ளிக் கணக்கு எப்படி? யார் ஜெயித்தார் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஐயா, இந்தக் கணக்கு புரிந்தால் சுமோவின் சண்டை சச்சரவு எல்லாமே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வருடத்துக்கு 6 போட்டித் தொடர். டோக்கியோவில் மூன்று; ஒசாகா, நகோயா, ஃபுகுவோகாவில் ஒவ்வொன்று. ஒவ்வொன்றும் 15 நாள். மேல் இரண்டு பிரிவில் இருப்பவர்களுக்குத் தினம் ஒரு ஆட்டம். 15 ஆட்டத்தில் அதிகம் வென்றவருக்குக் கோப்பை. ஆனால் கோப்பைக்கு ஓடுபவர்கள் நாலைந்து பேர்தான். மற்ற எல்லாருக்கும் முக்கியமான எண் 8. எட்டு வென்றால் தரவரிசையில் மேலே, எட்டு தோற்றால் கீழே. ஒவ்வொரு தொடருக்கும் பான்சுகே என்ற புதிய தரவரிசைத் தாள் வெளியாகும். உச்சியில் இருப்பவர்களின் பெயர் பெரிதாக இருக்கும். கீழே போகப் போக எழுத்து மெலிந்து, கடைசி வரிசையைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

மொத்தம் ஆறு பிரிவு. மேலே மகுஉச்சியில் 42 பேர், அடுத்து ஜூர்யோவில் 28 பேர். இந்த 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். ஜூர்யோ வீரருக்கு மாதம் 11 லட்சம் யென், உச்சப் பட்டமான யோகோசுனாவுக்கு 30 லட்சம். எழுபதுக்குக் கீழே விழுந்தால் சம்பளம் பூஜ்யம். வீரர்கள் பயிற்சிக்கூடத்திலேயே சேர்ந்து தங்குபவர்கள். ஒவ்வொரு தொடருக்கும் சிறு படி மட்டும் உண்டு. தனி அறை போய்விடும், பணிவிடை செய்யும் பையன்கள் போய்விடுவார்கள். நேற்றுவரை தன் முதுகைத் தேய்த்துவிட்டவனோடு சேர்ந்து சமையலறையில் வெங்காயம் நறுக்க வேண்டும்.

ஆக, கடைசி நாளில் 7 வெற்றி 7 தோல்வியோடு மேடையேறும் ஒருவனை நினைத்துப்பாருங்கள்.

கேள்வி: அதைத்தான் கேட்க வந்தேன். சுமோவில் மேட்ச் ஃபிக்ஸிங் உண்டா, இல்லையா?

உண்டு, அதாவது இருந்தது. ஜப்பான் சுமோ சங்கமே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ஸ்டீவன் லெவிட், மார்க் டக்கன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள். 1989 முதல் 2000 வரையிலான ஆட்டங்களை எடுத்து, கடைசி நாளில் 7–7ல் நிற்பவர் 8–6ல் நிற்பவரோடு மோதினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பழைய கணக்குப்படி பாதிக்குப் பாதி வெல்ல வேண்டியவர், கிட்டத்தட்ட 80 சதவீதம் வென்றிருக்கிறார். சரி, வாழ்வா சாவா என்றால் வெறியோடு ஆடுவான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அதே இருவர் அடுத்த முறை மோதும்போது அன்றைக்கு வென்றவர் சுமார் 40 சதவீதம்தான் வெல்கிறார். வாங்கிய கடன் திரும்புகிறது!

சங்கம் அசையவில்லை. புகார் எழுதிய பத்திரிகைகள் மேல் வழக்குப் போட்டு ஜெயிக்கவும் செய்தது. சிக்கியது வேறு வழியில். 2010ல் பேஸ்பால் சூதாட்டத்தில் சுமோ வீரர்களும் அதன் பின்னால் யகுசா கும்பலும் இருப்பது வெளியே வந்தது. யோகோசுனாவுக்கு அடுத்த படியான ஓசெகி பட்டத்தில் இருந்த கொத்தோமிட்சுகியை நீக்கினார்கள். நகோயா தொடரை ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே நேரடியாக ஒளிபரப்ப மறுத்தது. அந்த விசாரணைக்காகப் போலீஸ் வாங்கிய செல்பேசிகளில், அழித்த குறுஞ்செய்திகளைத் தோண்டினால் வேறொரு பூதம். முதலில் பலமாக மோது, அப்புறம் போகிற போக்கில் பார்த்துக்கொள்வோம் என்கிற ரீதியில் வீரர்கள் பேசிவைத்திருக்கிறார்கள். வெற்றிக்கு இவ்வளவு என்று விலையும் இருந்தது.

மாட்டியவர்களில் பலரும் ஜூர்யோ வீரர்கள். சம்பளத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே நிற்பவர்கள்தான். பேராசையை விட பயம்தான் இதில் அதிகம் என்பது என் எண்ணம். இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். 2011 மார்ச் ஒசாகா தொடரே ரத்து. 1946க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை.

இப்போது கடைசி நாளில் 7–7 ஆட்களை ஒருவரோடொருவர் மோதவிடுவதைப் பார்க்கலாம். நல்ல மருந்து. ஆனால் அந்தச் சம்பளக் கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரர் ஹாகுஹோதானே? இதில் விவாதம் ஏன்?

எண்ணை வைத்துப் பார்த்தால் விவாதமே இல்லை. 45 கோப்பை. அவருக்கு முன் சாதனை தைஹோவின் 32, அதை அடுத்து சியோனோபுஜியின் 31. மொத்த வெற்றி 1,187. 2010ல் தொடர்ந்து 63 ஆட்டம் வென்றார். 1930களில் ஃபுதபாயாமா வைத்த 69 என்ற எண் மட்டும் கைக்கு எட்டவில்லை. குறுக்கே வந்து நின்றவர் கிசெனோசாதோ.

ஹாகுஹோவின் அப்பா மங்கோலியாவின் பெரிய மல்யுத்த வீரர், 1968 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். ஆனாலும் 2000ல் 15 வயதில் ஜப்பான் வந்த ஹாகுஹோவுக்கு எடை 62 கிலோதான். இந்த நோஞ்சானை வைத்து என்ன செய்வது என்று எந்தப் பயிற்சிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரத்தில், சக மங்கோலிய வீரர் ஒருவர் சிபாரிசில் இடம் கிடைத்தது.

விவாதம் வருவது நடத்தையில். யோகோசுனாவுக்குப் பதவி இறக்கம் கிடையாது. தோற்க ஆரம்பித்தால் தானே விலக வேண்டும். அதற்குப் பதிலாக அவரிடம் எதிர்பார்ப்பது ஹின்காகு, அதாவது மாண்பு. வென்றாலும் சிரிக்கக் கூடாது, ஒதுங்கி ஏமாற்றக் கூடாது. ஹாகுஹோ முழங்கையை மடக்கி முகத்தில் இடித்தார், கன்னத்தில் அறைந்து தொடங்கினார். இரண்டுமே விதிப்படி சரி. 2021 ஜூலையில், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்து 15க்கு 15 வென்றார். கடைசி ஆட்டம் முடிந்ததும் முஷ்டியை உயர்த்திக் கத்தினார். அதற்கும் கண்டனம். அதுவே அவர் கடைசித் தொடர்.

என் கட்சி? விதியில் எழுதாததை வைத்து ஒருவரை பதினான்கு வருடம் பரீட்சை எழுதச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த முழங்கை இடியைப் பார்க்க எனக்கும் பிடிக்காது. இரண்டும் உண்மை.

கேள்வி: வன்முறைக்காகவும் பதவி போயிருக்கிறதாமே?

ஆமாம், இரண்டு யோகோசுனாக்களுக்கு. அசாஷோர்யூ 25 கோப்பை வென்றவர், 2005ல் ஆறு தொடரையும் வாரியவர். 2007ல் காயம் என்று சுற்றுப்பயணத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மங்கோலியாவில் ஃபுட்பால் ஆடினார். அது கேமராவில் பதிவாகிவிட்டது. இரண்டு தொடர் தடை. 2010 ஜனவரியில் கோப்பை வென்ற கையோடு, இரவு விடுதி அருகே ஒருவரை அடித்தார் என்ற புகாரில் ஓய்வு. 2017ல் ஹாருமாபுஜி, மதுபான விடுதியில் இளைய வீரர் ஒருவரைக் கரோக்கே ரிமோட்டால் அடித்துப் பதவியை இழந்தார்.

இவை தலைப்புச் செய்திகள். மோசமானது 2007ல் நடந்தது. 17 வயதுப் பையன் ஒருவன், பயிற்சி என்ற பெயரில் சொந்தக் கூடத்திலேயே அடிபட்டு இறந்தான். அவனுடைய குருவுக்கே சிறைத்தண்டனை கிடைத்தது. கூடம் என்பது வீடு, குரு அப்பா, மூத்தவன் அண்ணன் என்றுதான் அங்கே வளர்க்கிறார்கள். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்ற பேச்சு நமக்கும் தெரிந்ததுதானே. 2024ல் ஹாகுஹோ குருவாக இருந்த கூடத்திலும் அடிதடி: அவர் சீடர் ஒருவர் இளையவர்களை அடித்தது வெளியே வர, கூடத்தையே மூடி வேறொன்றோடு சேர்த்தார்கள். அடுத்த வருடம் அவர் சங்கத்தை விட்டே விலகினார்.

கேள்வி: பெண்கள் மேடையில் ஏறக் கூடாது என்பது இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது அக்கா. 2018 ஏப்ரலில் மைசூரு என்ற ஊரில் (நம்ம மைசூர் இல்லை, ஜப்பானில் துறைமுக நகரம்) மேயர் மேடையில் பேசும்போதே மயங்கி விழுந்தார். பார்வையாளர்களில் இருந்த பெண்கள் ஓடிவந்து நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார்கள். ஒலிபெருக்கியில் நடுவரின் குரல்: பெண்கள் மேடையை விட்டு இறங்கவும். உயிர் ஊசலாடும்போது! சங்கத் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். விதி மட்டும் அப்படியே இருக்கிறது. தொழில்முறை அல்லாத சுமோவில் பெண்கள் ஆடுகிறார்கள், உலகப் போட்டியே நடக்கிறது.

கேள்வி: என்ன சாப்பிட்டு இவ்வளவு பெரிதாகிறார்கள்?

சாங்கோ நாபே. காய், கோழி, மீன், டோஃபு எல்லாம் ஒரே பானையில் போட்ட குழம்பு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரொம்ப ஆரோக்கியமானது. உடம்பு ஏறுவது அளவால்: காலை வெறும் வயிற்றில் பயிற்சி, பிறகு மலை போல் சோறு, உடனே தூக்கம். கோழிக்குத் தனி மரியாதை, ஏனென்றால் அது இரண்டு காலில் நிற்கிறது. நாலு காலில் நிற்பது தோற்றவன் கோலம்.

கேள்வி: இப்போது யாரைப் பார்க்கலாம்?

யோகோசுனா இருவர், இருவருமே 2025ல் பட்டம் பெற்றவர்கள். ஹோஷோர்யூ, அசாஷோர்யூவின் உடன்பிறந்தவர் மகன். ஓனோசாதோ, ஜப்பான்காரர், அறிமுகமான 13 தொடரிலேயே உச்சிக்கு வந்தவர். இவர்களோடு உக்ரைனிலிருந்து வந்த அஓனிஷிகி. 2025 நவம்பரில் கோப்பை வென்று ஓசெகி ஆனார். எதிராளி எவ்வளவு தள்ளினாலும் குனிந்த முதுகு நிமிராது. இப்போது என் ஓட்டு அவருக்கு.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார் என்றால் எதைச் சொல்வீர்கள் சார்?

2017 மார்ச், ஒசாகா, கடைசி நாள். கிசெனோசாதோ யோகோசுனா ஆகி முதல் தொடர். 1998க்குப் பிறகு ஜப்பானில் பிறந்த ஒருவர் அந்தப் பட்டத்துக்கு வந்திருக்கிறார். 13ஆம் நாள் இடது தோள்பக்கம் பலத்த காயம். 14ஆம் நாள் நிற்கக்கூட முடியாமல் தோற்றார். கடைசி நாள் தெருனோபுஜியை இரண்டு முறை வென்றால்தான் கோப்பை: அன்றைய ஆட்டத்தில் வென்று சமன் செய்ய வேண்டும், பிறகு தீர்மான ஆட்டத்திலும் வெல்ல வேண்டும். அந்தத் தெருனோபுஜி முந்தின நாள் ஒதுங்கி ஏமாற்றி ஒரு ஜப்பானிய வீரரை வீழ்த்தியிருந்ததால் அரங்கமே அவருக்கு எதிராக இருந்தது. மங்கோலியாவுக்கே போ என்றுகூடக் கத்தினார்கள். ஒற்றைக் கையோடு கிசெனோசாதோ இரண்டு முறையும் வென்றார். தேசியகீதம் பாடும்போது அழுதார்.

அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தோள் சரியாகவே இல்லை, 2019 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார். தோற்ற தெருனோபுஜிக்கோ முழங்கால் போயிற்று, சர்க்கரை நோய் வந்தது. ஓசெகியாக இருந்தவர் கீழிருந்து இரண்டாவது பிரிவு வரை விழுந்தார். சம்பளம் இல்லை, பெயர் பான்சுகேயின் பொடி எழுத்தில். அங்கிருந்து ஏறி வந்து 2020 ஜூலையில் கோப்பை, 2021ல் யோகோசுனா. முதலில் 2017 ஆட்டத்தைப் பாருங்கள், கையோடு 2020 கடைசி நாளையும் பாருங்கள். இரண்டாவதில் அவருடைய இரண்டு முழங்காலிலும் சுற்றியிருக்கும் கட்டைக் கவனியுங்கள்.