நிலநடுக்கமும் எரிமலையும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

உப்புவெளி வாசகர்: எரிமலை வெடிப்பதற்கு முன் நிலம் ஏன் நடுங்குகிறது, ஐயா?

ஆழத்திலிருந்து மேலேறும் பாறைக்குழம்பு தனக்கு வழி தேடும்போது சுற்றியுள்ள பாறையை உடைக்கிறது. அந்த உடைவுகளே சிறு நடுக்கங்களாகப் பதிவாகின்றன. குழம்பும் வாயுவும் பிளவுகளுக்குள் அசையும்போது எழும் நடுக்கம் வேறு வகையானது, அதிர்வெண் குறைந்தது; அது ஓயாது தொடர்ந்தால் அதிர்வுமானியின் கோடு மணிக்கணக்கில் தடித்தே ஓடும். உள்ளே வந்த குழம்புக்கு இடம் வேண்டுமென்பதால் மேலுள்ள நிலமும் உப்புகிறது. இதைச் சாய்வுமானி, ஜிபிஎஸ், செய்மதி ராடார் ஆகியவற்றால் அளக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில் 1980 ஆம் ஆண்டு வடக்குச் சரிவு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வரை வெளித்தள்ளிக்கொண்டிருந்தது. மே 18 காலை 5.1 அளவிலான நடுக்கத்தோடு அந்தச் சரிவு பெயர்ந்து விழ, உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பக்கவாட்டில் வெடித்துக் கிளம்பியது.

தனியொரு நடுக்கத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிலாவெளி வாசகி: அப்படியானால் நிலம் உப்பினால் வெடிப்பு நிச்சயமா?

இல்லை. இத்தாலியின் பொட்சுவோலி நகரில் 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ 1.8 மீற்றர் உயர்ந்தது. துறைமுகம் ஆழங்குறைந்து படகுகள் கட்ட முடியாமற் போனது; மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்; எரிமலை வெடிக்கவில்லை. அங்குள்ள உரோமர் காலச் சந்தையில் இன்றும் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களில், தரையிலிருந்து பல மீற்றர் உயரத்தில், கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் பட்டையாகத் தெரிகின்றன. அந்த நிலம் கடலுக்குள் தாழ்ந்து பின் எழுந்ததற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. குழம்பு பாதிவழியில் நின்று இறுகிவிடலாம். சூடான நீரும் வாயுவும் மட்டுமே பாறையை உயர்த்தவும் கூடும். மறுபுறம், ஐஸ்லாந்தின் கிரிந்தாவிக் நகருக்கு அடியில் 2023 நவம்பர் 10 அன்று குழம்பு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்து பரவியதும் அன்றிரவே ஊரைக் காலிசெய்தார்கள். வெடிப்போ டிசம்பர் 18 அன்றுதான் வந்தது.

சாம்பல்தீவு வாசகர்: கன்னியா வெந்நீரூற்றுக்கு அடியில் எரிமலை இருக்கிறதா?

இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளால் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது.

மூதூர் வாசகர்: 2004 சுனாமிக்குக் காரணமான நடுக்கத்துக்குப் பின், 2005 மே மாதம் அந்தமானின் பாரன் தீவு எரிமலை குமுறியதே. பெரு நடுக்கம் எரிமலையை எழுப்புகிறது என்பதற்கு இது போதாதா?

போதாது. பாரன் தீவு 1991 ஆம் ஆண்டும் குமுறியது. அப்போது அதை எழுப்ப அத்தகைய நடுக்கம் எதுவும் இருக்கவில்லை. ஏற்கெனவே விழித்திருந்த எரிமலையை யார் எழுப்பினார் என்று கேட்பதில் பயனில்லை.

கிண்ணியா வாசகர்: கன்னியாவில் சூடு கூடினால் அது எரிமலைக்கு அறிகுறியா?

சாம்பல்தீவு அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மூதூர் வாசகர் மீண்டும்: ஜப்பானின் பூஜி மலை 1707 ஒக்டோபர் பெருநடுக்கத்துக்கு 49 நாள்களின் பின் வெடித்தது. சிலியில் 1960 மே 22 அன்று 9.5 அளவில் நிலம் அதிர, இரண்டே நாள்களில் கோர்டோன் காவ்யே வெடித்தது. இவையும் தற்செயலா?

நல்ல உதாரணங்கள், இவற்றைத் தற்செயல் என்று நான் தள்ளிவிட மாட்டேன். குழம்பு முன்னமே அழுத்தத்தோடு காத்திருந்தால், பெருநடுக்கம் பாறையின் இறுக்கத்தை மாற்றியோ வாயுக் குமிழிகளைக் கிளறியோ வழியைத் திறந்துவிடலாம். ஆனால் நீங்கள் வெடித்தவற்றை மட்டும் எண்ணுகிறீர்கள். 2011 மார்ச்சில் ஜப்பானை 9 அளவில் உலுக்கிய நடுக்கத்துக்குப் பின் பூஜி வெடிக்கவில்லை. வடகிழக்கு ஜப்பானின் எரிமலைப் பகுதிகள் சில, உப்புவதற்குப் பதிலாக, 15 சென்ரிமீற்றர் வரை தாழ்ந்ததைச் செய்மதி ராடார் காட்டியது. நடுக்கம் சாவியாக இருக்கலாம், உள்ளே சரக்கு இருந்தால் மட்டும்.

உவர்மலை வாசகி: எங்கள் துறைமுகமே பழைய எரிமலை வாய் என்கிறார்களே?

இல்லை. கன்னியா பற்றியும் இனிக் கேட்க வேண்டாம்.

நிலாவெளி வாசகி: எரிமலையால் வரும் சுனாமிக்கும் நிலநடுக்கம் முன்னறிவிப்புத் தருமா?

எல்லா வேளையும் தரும் என்று சொல்ல முடியாது. 2018 டிசம்பர் 22 இரவு அனக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தது. அன்று இந்தோனேசியாவின் சுனாமி எச்சரிக்கை முறை பெரும் நிலநடுக்கங்களைக் கவனித்தே இயங்கியதால், அலை கரையை அடையும் முன் எந்த எச்சரிக்கையும் விடப்படவில்லை. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.