ஜிம்னிக்கு எந்த மாதிரி கேரியர் போடலாம்? பட்டறையில் அடிப்பதா, ரெடிமேட் வாங்குவதா?

கேட்டவர் ஐந்து கதவு ஜிம்னி, அதாவது மாருதி சுசுகியின் சின்ன ஜீப் மாதிரி வண்டி, வைத்திருக்கிறார். நாலு பேர் குடும்பம், பின்னால் சாமான் வைக்க இடம் போதவில்லை. பட்டறையில் கேரியர் அடித்தால் பாதிக் காசில் முடிகிறது, அதையே செய்துவிடலாமா என்கிறார். பிற்பாடு வண்டிக் கூரைமேலேயே கூடாரம் மாட்டும் ஆசையும் இருக்கிறதாம்.

இடம் போதாது என்பது நியாயமான குறைதான். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் ஜிம்னியின் டிக்கி 208 லிட்டர். ரெண்டு பெரிய பையும் ஒரு தண்ணீர் கேனும் வைத்தால் கதவு சாத்தாது. நானும் அதனால்தான் வண்டி வாங்கி இரண்டாவது மாதமே பட்டறைக்குப் போனேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. வேலைக்காரர், அதில் குறையே சொல்ல முடியாது. ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் சுற்றிலும் ஆறு அங்குல உயரத்துக்குக் கம்பி வேலி, அடியில் வலை, முன்னால் விளக்கு மாட்ட ஒரு பட்டை, கருப்புப் பெயிண்ட். பார்க்க ராணுவ வண்டி மாதிரி இருந்தது. மாட்டி முடித்ததும் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கியே காட்டினார். "யானை ஏறி நின்னாலும் இது அசையாதுங்க" என்றார். உண்மைதான், எட்டு மாதமும் அது அசையவே இல்லை. அசைந்தது வண்டி.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கேரியர் இல்லாமல் அதில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறேன். கேரியரும் அதன்மேல் மூட்டைகளுமாக முதல் தடவை இறங்கியபோது, ஒவ்வொரு வளைவிலும் திருப்பி முடித்த பிறகும் வண்டி அரை நொடி சாய்ந்தபடியே நின்று அப்புறம்தான் நிமிர்ந்தது. பின்சீட்டில் பையன் வாந்தி எடுத்தான். காலையில் தின்ன பரோட்டாமேல் பழியைப் போட்டோம். அப்புறம் ஒரு எஸ்டேட் மண்பாதையில் இடப்பக்கம் சரிந்த இடத்தைக் கடக்கும்போது, மச்சான் தானாகவே மேட்டுப்பக்கக் கதவைத் திறந்து இறங்கி நின்றுகொண்டார். "நீங்க வாங்க மாப்ள, நான் நடந்தே வர்றேன்." அவர் லாரி ஓட்டியவர். அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

உண்மைக் கணக்கு தெரிந்தது அதை விற்கும்போதுதான். பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் 41 கிலோ.

ஜிம்னியின் கூரைக்கு சுசுகி கொடுத்திருக்கும் வரம்பு 30 கிலோ. அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. அதாவது ஒரு தலையணைகூட மேலே வைக்காத நாளிலேயே நான் 11 கிலோ அதிகம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். 30 கிலோ சும்மா பயமுறுத்த எழுதிய எண் இல்லை. வண்டியின் எடையே சுமார் 1,200 கிலோதான். உயரம் 1,720 மில்லிமீட்டர். ஆனால் இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,400 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒல்லியான, உயரமான ஆள். அவர் தலையில் குடம் வைத்தால் என்ன ஆகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையோ டிசைனோ இல்லை, "இது எத்தனை கிலோ?" என்பதுதான். அதை 30-லிருந்து கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் சாமானுக்கு. "எத்தனை கிலோ வைக்கலாம்" என்று மட்டும் கேட்டால் "எம்பது கிலோ தாராளமா வைங்க சார்" என்பார்கள். அது கம்பி தாங்கும் எடை. வண்டியின் கூரை தாங்குவது வேறு.

பட்டறையில்தான் செய்வேன் என்றால் எடையை முன்கூட்டியே நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு இஞ்ச் சதுர இரும்புக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம் என்றால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.4 கிலோ. என் கேரியருக்கு 22 மீட்டர் குழாய் போயிருந்தது, அதிலேயே 31 கிலோ. வலையும் கால்களும் தனி. 1.6 மில்லிமீட்டர் குழாயில், வேலி இல்லாமல், நாலே குறுக்குக் கம்பியோடு அடித்தால் பாதிக்குமேல் குறையும். அலுமினியம் அதே அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு எடைதான், ஆனால் அதை ஒழுங்காக வெல்டிங் அடிக்கிற ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

சுற்றுவேலி எதற்கு என்றும் யோசியுங்கள். கூடை மாதிரி இருந்தால் சாமான் விழாது என்று நினைக்கிறோம். சாமானைப் பிடித்து வைப்பது வேலி இல்லை, நெம்பி நெம்பி இறுக்குகிற ராட்செட் பட்டைதான். வேலி செய்கிற ஒரே வேலை காற்றைப் பிடித்துக்கொண்டு ஊளையிடுவது. எண்பதில் போகும்போது சந்தித்த காற்றைவிட நூறில் போகும்போது எதிர்க்கும் காற்று ஒன்றரை மடங்குக்கும் மேல். இதில் இருப்பதோ 1.5 லிட்டர் எஞ்சின், 103 குதிரைத்திறன். என் வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 15 கொடுத்துக்கொண்டிருந்தது, கூடை ஏறியதும் 12-க்கு வந்தது. ஐந்தாவது கியரில் ஏறிய மேடுகளுக்கெல்லாம் நாலாவது கேட்டது.

ஊளைச் சத்தத்துக்கு ஒரு கைவைத்தியம்: முன்பக்கக் குறுக்குக் கம்பியில் நைலான் கயிற்றை இடைவெளி விட்டுச் சுருள் சுருளாகச் சுற்றிக் கட்டுங்கள். கம்பியின் நீளம் முழுக்க ஒரே தாளத்தில் சுழிக்கிற காற்றுதான் விசில் அடிக்கிறது. கயிறு அந்தத் தாளத்தைக் கலைத்துவிடும். ஆலைப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகாணி மாதிரி தகடு சுற்றியிருப்பதும் இதற்காகத்தான். இருபது ரூபாய்க் கயிறு. காதுக்குப் பெரிய நிம்மதி.

இனி மாட்டுகிற முறை. இந்த விஷயத்தில் ஜிம்னிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். இப்போது வருகிற கார்களில் கூரை மழுமழுவென்று இருக்கும். ஜிம்னியிலோ பழைய அம்பாசிடர் மாதிரி கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிய ஒரு தகட்டு விளிம்பு விட்டிருக்கிறார்கள். அம்பாசிடர் டாக்சிகளில் கேரியரை அந்த விளிம்பில் கொக்கி போட்டுத்தான் முறுக்கியிருப்பார்கள். அதே முறைதான் இங்கேயும். எந்தக் காரணத்துக்காகவும் கூரையில் ஓட்டை போட விடாதீர்கள். "சிலிகான் வெச்சு அடைச்சிடலாம்" என்று சொல்கிற பட்டறையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஆனால் அந்த விளிம்பு வெறும் தகடு. நாலு காலில் மொத்த பாரத்தையும் நிறுத்தினால் கால் நிற்கிற இடத்தில் நசுங்கும். எனக்கு வலது முன்பக்கம் நசுங்கியது. ஆறு கால் இருந்தால் பாரம் பங்காகும். பிளாட்ஃபார்ம் ரேக், அதாவது வேலி இல்லாத தட்டையான தட்டு, என்றால் ஆறுக்குக் குறைந்து வாங்காதீர்கள். இரும்புக் காலுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ரப்பர் வேண்டும். சைக்கிள் டியூப் வெட்டி வைத்தாலும் சரி, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி அடியில் துடையுங்கள். ரப்பருக்கு அடியில் மண்ணும் ஈரமும் தங்கி, பெயிண்டைத் தேய்த்து, துரு அங்கேதான் பிடிக்க ஆரம்பிக்கிறது. கடற்கரை ஊர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அலுமினிய ரேக்கில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் நடுவே நைலான் வாஷர் வையுங்கள், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். மாட்டியபின் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒரு முறை முடுக்குங்கள். கட்டாயம் இளகியிருக்கும்.

உயரத்தையும் மறக்காதீர்கள். நான் மறந்தேன். ஒரு ஓட்டலின் தரைத்தளத்துக்குக் கீழே நிறுத்துமிடம், சரிவில் இறங்கும்போது மேலே "கடக்" என்று ஒரு சத்தம். கூடையின் முன்விளிம்பு கழிவுநீர்க் குழாயைப் பெயர்த்துவிட்டது. அதற்குமேல் விவரம் வேண்டாம். இப்போது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டில் "மூட்டையோடு 2.05 மீ" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கூடாரம்? சின்னதாக, துணியில் வருகிறதே பெரும்பாலும் 40 கிலோவைத் தாண்டும். வண்டி நிற்கும்போது கூரை அதிகம் தாங்கும் என்பது சரி, உள்ளே ரெண்டு பேர் படுத்தால் கூரை உட்கார்ந்துவிடாது. ஆனால் படுக்கும் இடத்துக்கு அதைச் சுமந்துகொண்டு ஓட்டிப் போக வேண்டுமே? 30 கிலோ வரம்பு ஓடுகிற வண்டிக்குத்தான். தரையில் அடிக்கிற கூடாரம் ஐந்து கிலோதான், நாலு பேருக்குப் போதும். ஆசை விடாவிட்டால் பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற துணிப்பந்தல் ஒன்று போடுங்கள், அது பத்து கிலோவுக்குள் கிடைக்கும்.

டீசல் கேன், பெட்ரோல் கேன் எல்லாம் மேலே மாட்டிப் படம் போடுகிறார்களே, அது வேண்டாம். 20 லிட்டர் பெட்ரோலும் கேனும் சேர்ந்தால் 20 கிலோவை ஒட்டும், அதுவும் வெயிலில் காய்கிற கூரைமேல். டேங்கிலேயே 40 லிட்டர் பிடிக்கும். நம் ஊர் மலைப்பாதை எதற்கும் அது தாராளம். தண்ணீர் கேனும் உள்ளேதான், முன்சீட்டுக்குப் பின்னால் கீழே. கனமானது கீழே, பொசுபொசுவென்று இடத்தை அடைப்பது மேலே.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. முன்னால் போடுகிற இரும்புத் தடுப்புகளைக் கூடாது என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரில் சொன்னதும் நினைவிருக்கும். அதனால் கேரியர் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும், பக்கவாட்டில் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மேலே வரிசையாக விளக்கு வேண்டவே வேண்டாம். என்னை ஒரு செக்போஸ்ட்டில் நிறுத்தியது கேரியருக்காக இல்லை, அந்த விளக்குப் பட்டைக்காக. இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இறக்குமதி பிளாட்ஃபார்ம்கள், தென்னாப்பிரிக்காவின் ஃபிரண்ட் ரன்னர், ஆஸ்திரேலியாவின் ரைனோ ரேக் மாதிரியானவை, நேர்த்தியாக இருக்கும், தட்டையாக இருப்பதால் சத்தமும் குறைவு. விலைதான் கண்ணைக் கட்டும். யாராவது துபாயிலிருந்து கொண்டுவருகிறார்கள் என்றால் அது மூன்று கதவு வண்டிக்கானதா என்று கேளுங்கள். நம்முடையது அதைவிட 340 மில்லிமீட்டர் நீளம். மூன்று கதவுக்கானதை மாட்டிப் பார்த்தால், பெரிய அண்ணன் தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

இப்போது என் வண்டியில் இருப்பது வெறும் ரெண்டு குறுக்குக் கம்பிகள், விளிம்பில் கவ்வுகிற மாதிரி. காலோடு சேர்த்து ஐந்தரைக் கிலோ. அதன்மேல் மழை நனையாத ஒரு துணிப்பை: போர்வை, பாய், மடக்கு நாற்காலி ரெண்டு, தார்ப்பாய், எல்லாம் சேர்த்து 18 கிலோ. பையோடு சேர்த்தும் 30 தாண்டவில்லை என்பதை வீட்டுத் தராசில் நானே பையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். உங்கள் நாலு பேர் குடும்பத்துக்கும் இதையே சொல்வேன். ரெண்டு பயணம் போய்வந்து போதவில்லை என்றால் அப்போது ஆறு கால் அலுமினியத் தட்டுக்குப் போங்கள். கம்பிகளைக் கழற்றப் பத்து நிமிடம். பயணம் இல்லாத மாதங்களில் பரணில் கிடக்கும். போன வாரம் வால்பாறைக்கு அதோடுதான் போனோம். மச்சான் எந்த இடத்திலும் இறங்கவில்லை. பையன் மட்டும் ஒன்பதாவது வளைவில் வாந்தி எடுத்தான். அப்படியானால் அது பரோட்டாதான் போலிருக்கிறது.