குதிரை மசாலும் சினை நிற்காத செம்மறிகளும்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பெருந்துறைப் பக்கம் கொட்டகையில் 35 மேச்சேரி இனச் செம்மறிப் பெட்டைகள் வளர்க்கிறேன். ஏழு மாதமாகப் பசுந்தீவனம் முழுக்கக் குதிரை மசால்தான், முக்கால் ஏக்கரில் போட்டிருக்கிறேன். புரட்டாசியில் கிடா சேர்த்தேன், ஆடியில் வாங்கிய ஒரே கிடா. இப்போது தை பிறந்துவிட்டது, 13 ஆடுதான் சினை. மற்றவை பருவத்துக்கு வருகின்றன, கிடா ஏறுகிறது, ஆனால் நிற்பதில்லை. இன்னும் கிடா சேராத நாலு இளம் பெட்டைகளுக்கு மடி லேசாக இறங்கிக் காம்பு தடித்திருக்கிறது. மழைக்குப் பிறகு மசாலில் கீழ் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி, இப்போது அசுவினியும் இருக்கிறது. தீவனம் மிச்சமாக இருந்ததால் 45, 50 நாள் கழித்துத்தான் அறுத்தேன். மசாலில் பெண் ஹார்மோன் இருக்கிறது, ஆடு மலடாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உழுதுவிடலாமா? இரண்டு கறவை மாடுகளுக்கும் இதையே போடுகிறேன், பாலைக் குழந்தைகள் குடிக்கலாமா?

பதில்: வணக்கம் தம்பி. முதலில் டிராக்டரை நிறுத்துங்கள், மசாலை உழ வேண்டாம். வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும், பயிரையும் ஆட்டையும் இரண்டையும் காப்பாற்றிவிடலாம்.

இந்த விஷயம் உலகத்துக்குத் தெரிய வந்ததே செம்மறிகளால்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வகை குளோவர் பயிரை மேய்ச்சலுக்காகப் பெரிய பரப்பில் விதைத்தார்கள், நம் நிலக்கடலை மாதிரி காயை மண்ணுக்குள் புதைக்கிற பயிர், தானாக விழுந்து தானாக முளைக்கும். 1940களில் அந்த நிலங்களில் மேய்ந்த செம்மறிகள் கூட்டம் கூட்டமாகக் குட்டி போடாமல் போயின, போட்டவற்றிலும் பிரசவச் சிக்கல், கருப்பை வெளியே தள்ளுவது, இன்னும் அதிசயமாகக் காயடித்த கிடாக்களுக்கே மடி வைத்துப் பால் சுரந்தது. பென்னெட்ஸ், அண்டர்வுட், ஷியர் என்ற மூவர் 1946-ல் இதைப் பதிவு செய்தார்கள். காரணம் கிருமி இல்லை, விஷம் என்று நாம் சொல்லும் பொருளும் இல்லை, அந்த இலையில் இருந்த ஃபார்மோனோநெட்டின் என்ற சேர்மம். விசித்திரம் என்னவென்றால் அது தன்னளவில் கிட்டத்தட்ட சாது. ஆட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதை உடைத்து ஈக்குவால் என்ற வேறொன்றாக மாற்றிவிடுகின்றன, வேலையைக் காட்டுவது அதுதான். (ஈக்குவாலை முதன்முதலில் 1932-ல் சினைக் குதிரையின் சிறுநீரில் கண்டுபிடித்தார்கள், பெயரே குதிரையிலிருந்து வந்ததுதான்.) பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உடம்பில் போய் உட்காரும் இடத்தில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும், வடிவம் அவ்வளவு ஒத்துப்போகிறது. அசல் ஹார்மோனை விட வலு பல மடங்கு குறைவுதான், ஆனால் ஆடு தினமும் கிலோக்கணக்கில் தின்கிறதே, அங்கேதான் கணக்கு மாறிவிடுகிறது.

குதிரை மசாலில் இருப்பது அது இல்லை, கூமெஸ்ட்ரால் என்ற வேறு சேர்மம். 1957-ல் அமெரிக்காவில் பிக்காஃப் என்ற ஆராய்ச்சியாளரின் குழு இதை லடீனோ என்ற இன்னொரு வகைக் குளோவரிலிருந்து பிரித்தெடுத்தது, பிறகு மசாலிலும் இருப்பது தெரிந்தது. உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. நோயில்லாத மசாலில் இது மிகக் குறைவு. இலைப்புள்ளி நோய் வந்தாலோ அசுவினி சாறு உறிஞ்சினாலோ செடி தன்னைக் காத்துக்கொள்ள இந்தச் சேர்மத்தைச் சுரக்கிறது, அளவு பல மடங்கு ஏறிவிடுகிறது. அதாவது உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தப் பழுப்புப் புள்ளியும் அசுவினியும்தான் முக்கியமான தகவல். 50 நாள் வரை விட்டு அறுத்ததால் நோய் பரவ நன்றாக அவகாசமும் கிடைத்திருக்கிறது.

எவ்வளவு இருந்தால் கெடுதல்? நியூசிலாந்தில் செம்மறிகளை வைத்துப் பார்த்ததில் ஒரு கிலோ உலர் பொருளுக்கு (தீவனத்தில் ஈரம் போக மிஞ்சுவது) கூமெஸ்ட்ரால் 25 மில்லிகிராமைத் தாண்டினால் சினைமுட்டை வெளியாவது குறைகிறது என்று கண்டார்கள். உங்கள் ஆடு ஒன்று நாளுக்கு 3 கிலோ பச்சை மசால் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் உலர் பொருள் சுமார் 600 கிராம், அப்படியானால் நாளுக்கு 15 மில்லிகிராம்தான் எல்லை. புள்ளி விழுந்த மசாலை மட்டுமே தின்றால் இதைச் சுலபமாகத் தாண்டும். பாதி மசால், பாதி சோளமோ கம்பு நேப்பியர் புல்லோ என்று கொடுத்திருந்தால் அளவும் பாதியாகியிருக்கும்.

கிடா சேராத இளம் பெட்டைகளுக்கு மடி இறங்கியிருப்பது என்னைப் பொறுத்தவரை வலுவான அறிகுறி. மசால் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. ஆனால் தம்பி, 35-ல் 22 ஆடு சினை நிற்காததற்கு மசால் மட்டுமே காரணம் என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். கூமெஸ்ட்ராலின் முதல் விளைவு ஒரு முறை வெளியாகும் முட்டைகளின் எண்ணிக்கை குறைவது, இரட்டைக் குட்டி போடும் இனங்களில் இது பளிச்சென்று தெரியும், பெரும்பாலும் ஒற்றைக் குட்டி போடும் மேச்சேரியில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் எனக்குக் கிடாவின் மேலும் பாதிச் சந்தேகம். 35 பெட்டைக்கு ஒரே கிடா என்பதே கொஞ்சம் அதிகம், 25-க்கு ஒன்று என்று வைத்தால் நல்லது. கடும் வெயிலிலோ காய்ச்சலிலோ அடிபட்ட கிடாவுக்கு விந்து திரும்பச் சீராக இரண்டு மாதம் வரை ஆகும், அதுவரை ஏறும், இறங்கும், பலன் இருக்காது. ஆடியில் வாங்கியதற்கு முன்னால் அது எங்கே எப்படி இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது. பெட்டைகளுக்கு மருந்து, ஊசி என்று செலவு செய்துகொண்டே இருந்து கடைசியில் கிடாவை மாற்றியதும் சரியான கொட்டகைகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த நஷ்டம் உங்களுக்கு வர வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நாளையிலிருந்து சினை நிற்காத 22 பெட்டைகளுக்கும் இளம் பெட்டைகளுக்கும் மசாலை அடியோடு நிறுத்துங்கள், 40 நாள். இந்த வகைப் பாதிப்பு பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் விலகிவிடும். ஆஸ்திரேலியாவில் சில ஆடுகள் நிரந்தரமாக மலடானது உண்மை, கருப்பை வாயின் தன்மையே மாறி விந்து தங்காமல் போனது, ஆனால் அது வீரியமான குளோவரைப் பருவம் பருவமாக வருடக்கணக்கில் மேய்ந்தவற்றுக்கு. உங்கள் ஆடுகளுக்கு அந்த நிலை வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அறுத்துக் காயவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள், மசாலில் கூமெஸ்ட்ரால் காய்ந்த பிறகும் நிற்கும், ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) போட்டாலும் நிற்கும்.

இந்த 40 நாளுக்குச் சோளத்தட்டு, கம்பு நேப்பியர், கோ எஃப்எஸ் 29 என்ற தீவனச் சோளம் இருந்தால் பூத்த பிறகு அறுத்தது, கூடவே ஆட்டுக்கு 150 முதல் 200 கிராம் அடர் தீவனம், தாது உப்புக் கலவை. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: பூசணம் பிடித்த மக்காச்சோளம் ஒரு பிடி கூட வேண்டாம். ஃபியூசேரியம் என்ற பூசணம் மக்காச்சோளத்தில் ஜியரலெனோன் என்ற நச்சை உண்டாக்கும், அதுவும் இதே ஈஸ்ட்ரோஜன் வேலையைத்தான் செய்யும், மடி தடிக்கும், பிறப்புறுப்பு வீங்கும். மழைக்காலத்தில் வாங்கிய மூட்டை ஏதாவது கொட்டகையில் இருக்கிறதா என்று இன்றைக்கே கையை விட்டுப் பாருங்கள், மசாலின் மேல் போட்ட பழி அந்த மூட்டையின் வேலையாகவும் இருக்கலாம்.

40 நாள் கழித்து வேறு கிடாவை விடுங்கள், முடிந்தால் பொட்டனேரியில் உள்ள மேச்சேரி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு நல்ல கிடாவாகப் பாருங்கள். கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டால் எந்தப் பெட்டை மேல் ஏறியது என்று பின்புறக் கறையே சொல்லும். செம்மறிக்குப் பருவச் சுற்று 17 நாள், அதனால் 15-ஆம் நாள் காவியை மாற்றி நீலம் பூசுங்கள். காவிக்கறை பட்ட பெட்டையில் நீலமும் பட்டால் அது நிற்கவில்லை என்று அர்த்தம். எல்லாப் பெட்டையிலும் இரண்டு நிறமும் இருந்தால் கிடாவைச் சோதியுங்கள். கறையே படவில்லை என்றால் பருவத்துக்கே வரவில்லை, அது தீவனக் குறை அல்லது குடற்புழு, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மசாலுக்கு வருவோம். இப்போது நிற்கும் நோய்ப் பயிரைத் தரையை ஒட்டி அறுத்து அப்புறப்படுத்துங்கள், இலையை வயலில் உதிர விடாதீர்கள். தண்ணீர் தேங்காமல் பாருங்கள். இனி ஒவ்வொரு அறுப்பும் 25 முதல் 30 நாளுக்குள், பூ எட்டிப்பார்க்கும் நேரத்தில். தீவனம் மிச்சமாகிறது என்றால் அறுத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள், வயலில் நிற்க விட்டு நோயை வளர்க்காதீர்கள். அப்படி வந்த சுத்தமான மசாலைச் சினையான 13 ஆடுகளுக்கும் குட்டிகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் போட்டால் வயிறு உப்பும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கிடா சேர்க்க 6 வாரம் இருக்கும்போது மட்டும் பெட்டைகளிடமிருந்து எடுத்துவிடுங்கள். கிடாவுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஆய்வகம் தேடி அலைய வேண்டாம், காயடித்த இரண்டு குட்டிக் கிடாக்களுக்கு அந்த மசாலை இரண்டு மூன்று வாரம் கொடுத்துக் காம்பின் நீளத்தை அளந்துகொண்டே வாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலத்தைச் சோதிக்கக் காயடித்த கிடாவின் காம்பைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள்.

மாடுகளைப் பொறுத்தவரை, செம்மறி அளவுக்கு அவை பாதிக்கப்படுவதில்லை. மற்ற தீவனத்தோடு கலந்து நாளுக்கு 5 கிலோ வரை நல்ல மசால் போடுங்கள், சினை ஊசி போட்டும் நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் சினை நிற்கும் வரை மசாலை நிறுத்திப் பாருங்கள். பாலில் இந்தச் சேர்மங்கள் வருவது மிகச் சொற்பம், சோயாவில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. காய்ச்சிய பாலைக் குழந்தைகளுக்குப் பயமில்லாமல் கொடுங்கள்.

சித்திரை வாக்கில் எத்தனை ஆட்டில் நீலக்கறை படவில்லை என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.