கைய நீட்டாத பொண்ணும் ஒரு உறுதிமொழியும்

அன்புள்ள அண்ணா,

என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. காலைல ப்ரேயர்ல உறுதிமொழி எடுக்கும்போது கைய நீட்ட மாட்டேங்கிறா, வாயும் அசைக்கிறதில்லன்னு டைரில எழுதி அனுப்பிருக்காங்க, ரெண்டு நாள் வெளிய நிக்கவும் வச்சிருக்காங்க. இந்த "இந்தியா எனது நாடு" யார் எழுதினது? என் வீட்டுக்காரர் இது அமெரிக்கா காப்பிங்கிறார். கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிக்கிறதுல என்ன அர்த்தம்?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரி,

காப்பின்னு சொல்ல முடியாது. எழுதினவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ், நல்கொண்டா பக்கத்துக்காரர், 1962-ல விசாகப்பட்டினத்துல கருவூல அதிகாரியா இருந்தப்ப தெலுங்குல எழுதினது. அத அந்த ஊர் அரசியல் தலைவர் தென்னேட்டி விஸ்வநாதம்கிட்ட காட்ட, அவர் ஆந்திர கல்வி அமைச்சர்கிட்ட கொண்டுபோக, 1963-ல விசாகப்பட்டினத்துல ஒரு ஸ்கூல்ல முதல்ல சொன்னாங்க, அப்புறம் 1964-ல பெங்களூர்ல அப்போதைய மத்திய கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா தலைமைல நடந்த கல்வி ஆலோசனை வாரிய கூட்டத்துல நாடு முழுக்க சொல்லணும்னு முடிவாகி 1965 ஜனவரி 26-லருந்து எல்லா ஸ்கூலுக்கும் வந்துச்சு. நான் படிச்ச புத்தகத்துல முதல் பக்கத்துல வாசகம் இருந்துச்சு, இவர் பேர் இல்ல. பத்து வருஷம் தினமும் சொன்ன ஒரு விஷயத்த எழுதினவர் யாருன்னே தெரியாம ஸ்கூல் முடிச்சேன்.

அமெரிக்காவோடது 1892-ல பிரான்சிஸ் பெல்லமிங்கிற பாதிரியார் ஒரு பத்திரிகைக்காக எழுதினது, அந்தப் பத்திரிகை அப்ப ஸ்கூல்களுக்கு கொடி வித்துக்கிட்டும் இருந்துச்சு (வியாபாரம் எங்கதான் இல்ல). அது கொடிக்கு விசுவாசம்னுதான் ஆரம்பிக்கும். 1954-ல கம்யூனிஸ்ட் பயத்துல கடவுளையும் உள்ள சேர்த்தாங்க.

நம்மளோடத ஒருதடவ நிதானமா படிச்சு பாருங்க, கொடி இல்ல, கடவுள் இல்ல, அரசாங்கம்ங்கிற வார்த்தையே இல்ல. முழுக்க மனுஷங்கதான், உடன்பிறந்தவர்கள், பெற்றோர், ஆசிரியர், மூத்தோர், மக்கள்னு. இன்னொன்னு, இங்கிலீஷ்ல நாட்டுக்கும் மக்களுக்கும் "டிவோஷன்"னு வர்ற இடத்துல தமிழ்ல "உழைத்திட முனைந்து நிற்பேன்"னு போட்டிருக்காங்க. பக்திய உழைப்பா மாத்தின அந்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனா அர்த்தம் புரிஞ்சா சொன்னோம்? எங்க ஸ்கூல்ல ஒரு வாரம் நான்தான் மேடைல நின்னு வரி வரியா சொல்லணும், "பன்முக மரபுச் சிறப்பிற்காகவும்" வந்தாலே நாக்கு சுத்திக்கும், கீழ எண்ணூறு பேரும் அதே தப்போட திருப்பி சொல்லுவாங்க. "உடன்பிறந்தவர்கள்" வந்ததும் பின்வரிசைல ஒருத்தன் "ஒருத்தியத் தவிர"ன்னு முனகுவான், அது எல்லா ஸ்கூலுக்கும் பொதுவான ஜோக்கு. பாதிலயே கை கடுத்து முன்னாடி நிக்கிறவன் தோள்ல வச்சிருவோம், பிடி சார் பிரம்போட பின்னாடி வந்தா மறுபடி விறைப்பா நீளும்.

அந்த கைய நீட்டுற விஷயம் இருக்கே, அமெரிக்கப் பிள்ளைங்களும் அப்படித்தான் நீட்டிக்கிட்டு இருந்தாங்க. ஹிட்லர் சல்யூட் மாதிரியே இருக்குன்னு 1942-ல இறக்கி நெஞ்சுல வச்சுக்கிட்டாங்க. அடுத்த வருஷமே அந்த ஊர் சுப்ரீம் கோர்ட்டு எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தி சொல்ல வைக்கக் கூடாதுன்னுருச்சு, அதுவும் உலகப்போர் நடுவுல. நம்ம ஊர்லயும் கேரளால மூணு பிள்ளைங்க மத நம்பிக்கையால தேசிய கீதம் பாடல, மரியாதையா எந்திரிச்சு மட்டும் நின்னாங்க, ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க. 1986-ல சுப்ரீம் கோர்ட்டு திருப்பி சேர்த்துக்கச் சொல்லிருச்சு. அது உறுதிமொழி கேஸ் இல்ல, கீதம்தான், ஆனா உங்க ஹெட்மாஸ்டர்கிட்ட பேசப் போனா இத சொல்லலாம்.

அதுக்கு மேல அவரோட சண்டை வேணாம். "எல்லோரிடமும் அன்பும் மரியாதையும் காட்டுவேன்"னு ஒரு வரி இருக்குல்ல, வெளிய நிக்க வச்சவங்களும் காலைல அதத்தான சொன்னாங்கன்னு தன்மையா கேளுங்க. அதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட ஏன் நீட்டலன்னு கேட்டீங்களா? லெட்டர்ல அது மட்டும் இல்ல. கொள்கையா இருக்கலாம், பக்கத்துல நிக்கிற பிள்ளையோட சண்டையா இருக்கலாம், ஆறாங்கிளாஸ் பை இருக்குற வெயிட்டுக்கு தோள் வலியாவும் இருக்கலாம். கேட்டுட்டு எழுதுங்க.