பெங்களூரில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: பணம் கட்டுவதற்கு முன்

திண்டுக்கல்லிலிருந்து கேட்டிருக்கும் தங்கைக்கு,

விலங்கியலில் பி.எஸ்சி. முடித்திருக்கிறீர்கள். பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு "நான்கு மாதப் பயிற்சி, வேலை நிச்சயம்" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. சேரலாமா, இந்த வேலை இன்னும் நிலைக்குமா, வந்தால் எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற வேலை இல்லை. நோயாளியைப் பற்றி அமெரிக்க டாக்டர் பேசிப் பதிவுசெய்த குறிப்பைக் கேட்டு முதல் வரியிலிருந்து டைப் அடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது பேச்சை மென்பொருளே எழுத்தாக்கிவிடுகிறது. அந்த எழுத்தை ஆடியோவோடு ஒப்பிட்டுத் திருத்துவதுதான் பெரும்பாலும் நம் கைக்கு வருகிறது. அதற்கு எடிட்டிங் என்று பெயர். டைப்பிங் வேகம் நிமிடத்துக்கு 45 சொல் இருந்தால் உள்ளே நுழையலாம், 60 இருந்தால் சௌகரியம். அதற்கு மேல் உங்களைக் காப்பாற்றப் போவது காதும் மருத்துவ அறிவும்தான்.

காரணம் இது. மனிதர் செய்யும் பிழை கண்ணில் பட்டுவிடும். மென்பொருளின் பிழை படாது. எழுத்துப் பிழை இல்லாமல், இலக்கணம் சுத்தமாக, தவறான வாக்கியத்தைத் தரும். டாக்டர் "நெஞ்சுவலி இல்லை" என்று சொல்லியிருப்பார், அந்த 'நோ' மட்டும் விழுங்கப்பட்டிருக்கும். வாசிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதனால் எழுத்தைப் படித்துக்கொண்டே ஆடியோவை ஓடவிடக் கூடாது. கண் முன்னே போனால் காது அதையே கேட்டதாக நம்பிவிடும். ஆடியோ அரை நொடி முன்னே, கண் பின்னே. இந்தப் பழக்கம் வரவே ஒரு மாதம் ஆகும்.

பயிற்சியை வேர்ச்சொற்களிலிருந்து தொடங்குங்கள். விலங்கியல் படித்தவருக்கு உடற்கூறு புதிதில்லை, கிரேக்க லத்தீன் ஒட்டுகள்தான் புதிது. 'ஐடிஸ்' என்றால் அழற்சி, 'எக்டமி' வெட்டி எடுப்பது, 'ஆஸ்டமி' வெளிவழி ஒன்றைத் திறப்பது. கோலெக்டமி, கோலாஸ்டமி இரண்டும் வேகப் பேச்சில் ஒன்றுபோலவே கேட்கும். ஒன்றில் பெருங்குடல் வெட்டி எடுக்கப்படுகிறது, மற்றதில் அதற்கு வயிற்றில் வாய் வைக்கிறார்கள். இருநூறு ஒட்டுகள் மனப்பாடமானால் இரண்டாயிரம் சொல் தானாக வரும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று ஆறு வாரம் ஒதுக்குங்கள். இதை ஊரிலிருந்தபடியே செய்யலாம், இதற்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்து ஸ்பெல்லிங். நாம் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். அனீமியா, எடிமா, டயரியா, ஹெமரேஜ், எசோஃபகஸ் எல்லாவற்றிலும் அமெரிக்கர்கள் ஓர் எழுத்தைக் குறைத்துவிடுவார்கள். எசோஃபகஸ் (உணவுக்குழாய்) அங்கே 'ஓ'வில் அல்ல, 'ஈ'யில் தொடங்கும். அதனால் நம் ஊரில் ஓ.ஜி.டி. என்று சொல்லும் எண்டாஸ்கோபிப் பரிசோதனை அங்கே ஈ.ஜி.டி. நம்முடைய பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், பேச்சுவழக்கில் டைலெனால்.

ஒலிமயக்கம்தான் இந்தத் தொழிலின் இதயம். டிஸ்ஃபேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சில் சிரமம். பால்பேஷன் தொட்டுப் பார்ப்பது, பால்பிடேஷன் நெஞ்சு படபடப்பது. இலியம் என்ற ஒரே ஒலி குடலையும் குறிக்கும், இடுப்பெலும்பையும் குறிக்கும். நடுவில் 'ஈ'யா 'ஐ'யா என்பதில்தான் வித்தியாசம். செலிப்ரெக்ஸ் வலிக்கு, செலெக்சா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. இவற்றைக் காது மட்டும் பிரிக்காது. நோயாளிக்கு என்ன நோய் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: நம் எழுத்தில் ப ஒன்றுதான், ட ஒன்றுதான். ஆங்கிலத்தில் P-யும் B-யும், T-யும் D-யும் வேறு வேறு ஒலிகள், அவற்றைப் பிரித்துக் கேட்கக் காதைப் பழக்க வேண்டும். 15-க்கும் 50-க்கும் ஒரு வழி உண்டு. ஃபிஃப்டீனில் அழுத்தம் கடைசியில் விழும், ஃபிஃப்டியில் முதலில் விழும். அங்கே டிக்டேட் செய்யும் டாக்டர்களில் இந்தியர்கள் நிறையப் பேர், அந்த உச்சரிப்பில் நமக்குச் சாதகமே.

எண்களைக் கேட்டபடி எழுதிவிடாதீர்கள், பொருந்துகிறதா என்று பாருங்கள். பொட்டாசியம் சாதாரணமாக 3.5 முதல் 5.0 வரை, சோடியம் 135 முதல் 145 வரை. ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) ஹீமோகுளோபினைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும். 14 என்றால் 42 சரி, 24 என்று கேட்டால் ஆடியோவைத் திரும்பப் போடுங்கள். தைராய்டு மருந்தான லெவோதைராக்சின் மைக்ரோகிராமில் வரும். அதை மில்லிகிராம் என்று எழுதினால் அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். மருந்தின் அளவில் 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.0 எழுதாதீர்கள், புள்ளி தெரியாவிட்டால் 50 ஆகும். 0.5 போன்ற அளவில் புள்ளிக்கு முன் வரும் பூஜ்யத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். 'யூனிட்' என்பதற்கு 'யூ' மட்டும் போடுவது உட்பட இவையெல்லாம் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட தடைப்பட்டியலில் உள்ளவை. அறுவை சிகிச்சை ஃபைலில் "த்ரீ ஓ விக்ரில்" என்று கேட்டால் அது தையல் நூலின் அளவு, 3-0. முப்பது அல்ல.

கேட்கவே கேட்காத சொல் வந்தால்? மூன்று முறை, வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு நேரத்தைக் குறித்து பிளாங்க் விட்டுவிட்டு மேலே போங்கள். மருந்தின் பெயர் கடைசியில், இனி என்ன சிகிச்சை என்று சொல்லும் 'பிளான்' பகுதியில் பெரும்பாலும் இன்னொரு முறை, தெளிவாக வரும். ஊகித்து நிரப்புவது மட்டும் கூடாது. க்யூ.ஏ.வில், அதாவது தரச் சோதனையில், மருந்து, அளவு, வலது இடது, நோயாளி இந்த நான்கில் ஒன்று மாறினாலும் கிரிட்டிகல் பிழை. ஒன்றே போதும், அந்த ஃபைல் முழுக்கத் தோற்றுவிடும். பொதுவாக எதிர்பார்க்கும் அக்யூரசி 98 சதவீதம்.

பழகுவதற்கு எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் போன்ற ஆடியோ ஓட்டும் ஒரு மென்பொருளும், அதைக் காலால் ஓடவிட்டு நிறுத்தும் ஃபுட் பெடலும், காதை மூடும் வயர் ஹெட்ஃபோனும் போதும். பெடலை விட்டு மிதிக்கும்போது ஒரு நொடி பின்னால் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் தொலையும். வெளிநோயாளிக் குறிப்பில் தொடங்கி, டிஸ்சார்ஜ் சம்மரி பழகி, ஆபரேஷன் ஃபைலைக் கடைசியில் எடுங்கள். நோயாளியின் விவரம் உள்ள எதையும் பொது ஏ.ஐ. தளங்களில் ஒட்டிப் பார்க்காதீர்கள். அமெரிக்காவின் 1996-இன் ஹிப்பா சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காப்பது, அதை மீறினால் வேலை போய்விடும்.

இப்போது அந்த நிலையத்தின் விஷயம். "வேலை நிச்சயம்" என்றால் எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். முன் பேட்ச்சில் படித்த இரண்டு பேரிடம் நேரில் பேசுங்கள். வகுப்பில் நிஜ டாக்டர்களின் ஆடியோ எத்தனை மணி நேரம் தருகிறார்கள், திருத்திக் கொடுப்பது யார் என்று விசாரியுங்கள். ஸ்டூடியோவில் வாசித்த சுத்தமான ஆடியோ மட்டும் என்றால் வேண்டாம். டிகிரி ஒரிஜினலைப் பயிற்சி நிலையத்திடமோ நிறுவனத்திடமோ ஒப்படைக்காதீர்கள். சில நிறுவனங்கள் நுழைவுத் தேர்வு வைத்துத் தாங்களே பயிற்சி தருகின்றன, முதலில் அங்கே முயலுங்கள்.

சம்பளம் டைப் செய்த வரிகளின் (லைன்) எண்ணிக்கைப்படி என்றால் ஒரு வரி என்பது என்ன என்று கேளுங்கள். வழக்கம் 65 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. இடைவெளியைக் கழித்துவிட்டால் 1000 வரி ஏறத்தாழ 850 ஆகிவிடும். எடிட்டிங் வரிக்கு டைப்பிங் வரியைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். எவ்வளவு குறைவு, பிழைக்கு எவ்வளவு பிடித்தம் என்பதுதான் பேச வேண்டியது.

டிரான்ஸ்கிரிப்ஷனுக்குப் பகல் ஷிஃப்ட் கிடைக்கும். குளிர்காலத்தில் நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால் நமக்கு அதிகாலை 3.30. நம் காலை ஷிஃப்டில் முடித்தால் அவர்கள் எழும்போது ரிப்போர்ட் தயார். ஸ்கிரைப் வேலை அப்படியில்லை. டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போதே ஆன்லைனில் உடனிருந்து எழுத வேண்டும், அதனால் இரவு ஷிஃப்ட்தான். அங்கே காலை 9 மணி நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் 6.30. டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் ஏ.ஐ. வந்துவிட்டதால் வெறும் டிரான்ஸ்கிரிப்ஷனையே நம்பிப் பத்து வருடத் திட்டம் போட வேண்டாம். இரண்டு வருடத்தில் க்யூ.ஏ. பக்கமோ, சி.பி.சி. என்ற சான்றிதழ் தேர்வு எழுதி, நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடாக மாற்றும் மெடிக்கல் கோடிங் பக்கமோ நகரப் பாருங்கள். இப்போது படிக்கும் உடற்கூறும் சொற்களும் அங்கேயும் அப்படியே உதவும்.

தங்குவதற்கு மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் பக்கம் பெண்கள் பி.ஜி. நிறைய. ஊர் பஸ்ஸும் மடிவாளாவில் நிற்கும். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தவிர்க்க உதவும். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழே போதும், ஆனாலும் "கன்னட கலீதா இதீனி" (கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று சொல்லப் பழகுங்கள், கதவுகள் திறக்கும். இரவு ஷிஃப்ட் என்றால் பி.ஜி.யில் மூன்று கேள்வி கேளுங்கள்: கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், விடியலில் திரும்பினால் சாப்பாடு உண்டா, பகலில் தூங்க அறை இருட்டாக இருக்குமா. அறையைப் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள், அப்போதுதான் சத்தம் தெரியும். அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.