விளை மண் எங்கே போகிறது? மலைச்சரிவு பற்றிய கேள்வி பதில்

மலைச்சரிவு விளைகளில் (மேட்டு நிலத் தோட்டங்களில்) மண் அரிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு, இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு, கடையாலுமூடு பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் மண் காப்பு வேலை பார்த்தவன் நான். ரப்பர் விலை, இலை நோய், பட்டா விவகாரம் எல்லாம் என் துறை இல்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: சித்திரையில் சரிவில் ஜேசிபி ஏற்றாதீர்கள்.

அருமனை: ரப்பரும் மரம்தானே சார்? காட்டு மரத்துக்குப் பதில் இன்னொரு மரம். இதில் மண் எப்படிப் போகும்?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேலே இலை எவ்வளவு அடர்த்தி என்பதைவிட, கீழே தரையில் என்ன கிடக்கிறது என்பதுதான் கணக்கு. மழைத்துளி எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே ஏறத்தாழ முழு வேகத்தை எட்டிவிடும். வளர்ந்த ரப்பரின் கொப்புகள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அதுமட்டுமல்ல, சின்னச் சின்னத் துளிகள் இலையில் கூடிப் பெரிய துளியாகச் சொட்டும். தேக்குத் தோட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அகலமான இலை, கீழே எரித்துச் சுத்தமாக்கிய தரை, ஒரு மழையில் மண் தெறித்து அடிமரம் முழங்கால் உயரத்துக்குச் சிவந்து நிற்கும். காட்டிலும் இதே துளிதான் விழுகிறது. ஆனால் அங்கே கீழே குறுமரம், புதர், பன்னம், மட்கிய சருகு என்று நாலு அடுக்கு அதை வாங்கிக்கொள்கிறது.

அமெரிக்காவில் விஷ்மெயரும் ஸ்மித்தும் உருவாக்கிய மண் இழப்புச் சமன்பாடு ஒன்று உண்டு. மழையின் அரிக்கும் வலு, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், தரை மூடல், காப்பு வேலை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். மழையையும் மலையையும் நாம் மாற்ற முடியாது. தரை மூடலை மாற்றலாம். வெறும் தரைக்கு அதன் எண் 1 என்றால், நல்ல காட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

அதனால் ரப்பரைக் கெட்ட மரம் என்று சொல்ல மாட்டேன். மார்கழி, தை மாதங்களில் உதிரும் சருகை அப்படியே விட்ட பத்து வயதுத் தோட்டம் மண்ணை ஓரளவு நன்றாகவே பிடித்து வைத்திருக்கும். ஆபத்து வருவது 25, 30 வருடத்துக்கு ஒருமுறை மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, மறுநடவு செய்கிற அந்த முதல் நாலு வருடத்தில். போதாததற்கு இடையில் கைதைச்சக்கையோ (அன்னாசி) மரச்சீனியோ (மரவள்ளி) போடுகிறோம். மரச்சீனி பிடுங்கும்போது சரிவு முழுவதும் கிளறப்படுகிறது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் ஐந்து டன். ஒரு மில்லிமீட்டர் போனது யார் கண்ணுக்கும் தெரியாது.

பத்துகாணி: ஜேசிபி வைத்து நிலம் ஒதுக்க (வழித்துச் சுத்தம் செய்ய) எந்த மாதம் நல்லது?

மழைக்காலத்துக்கு முன்னால் அவசரமாக வேண்டாம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழை. அதற்கும் முன்னால் சித்திரை, வைகாசியில் இடியோடு கொட்டும் கோடைமழை. அதிக மண்ணைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தக் கோடைமழைதான், ஏனென்றால் அப்போதுதான் நிலம் புதிதாகக் கிளறிக் கிடக்கும். தை, மாசியில் வேலையை முடியுங்கள். முடித்த கையோடு மூடுபயிர் (தரையை மூடிப் படரும் கொடி) விதைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் என் அரை ஏக்கர் ரப்பரும் சாய்ந்தது. ஊரெல்லாம் மரம் கிடந்ததால் ஜேசிபிக்கு அலைய வேண்டியிருந்தது. கிடைத்த ஒப்பந்தக்காரர் சரிவுக்கு நேராக மேலிருந்து கீழே வண்டியை இறக்கி, வேர்க்குழிகளைத் தூர்த்து, எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் போனார். நான் ஊரில் இல்லை. அடுத்த ஆனியில் அந்த வண்டித் தடம் வழியாகத்தான் மண் முழுவதும் இறங்கியது. கீழ் விளைக்காரரின் கிணற்றில் ஒன்றரை அடி செம்மண். அவரோடு சேர்ந்து நானும் இறங்கி அள்ளினேன். தடம் எப்போதும் சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும்.

ஆறுகாணி: வெட்டிவேர் நட்டால் போதுமா?

சமமட்ட வரிசையில் (சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில்), இடைவெளி விடாமல், நெருக்கி நட்டால் நல்ல வேலை செய்யும். மூன்று மீட்டர் வரை வேர் இறங்கும். அங்கங்கே ஒரு தூர் நட்டால் பயன் இல்லை.

களியல்: மூடுபயிர் எது வைக்கலாம்? பியூரேரியாவா முகுனாவா?

மாடு ஆடு மேயும் இடமென்றால் முகுனா பிராக்டியேட்டா. மாடு அதைத் தொடாது, நிழலையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் இளங்கன்றின்மேல் ஏறிச் சுற்றி நெரித்துவிடும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை கன்றைச் சுற்றிக் கொடியைப் பிரித்துவிட ஆள் வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் பியூரேரியா.

அருமனை: மறுபடியும் நான்தான் சார். தரையை மூடி வை என்று சொல்வது எளிது. புல் நின்றால் ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் வரமாட்டான். விடியற்காலம் இருட்டில் விரியன் கிடந்தால் யார் பொறுப்பு? அதனால்தான் எல்லாரும் களைக்கொல்லி அடிக்கிறோம்.

நீங்கள் சொல்வது நியாயமான பயம். வெட்டுக்காரர் உயிர் மண்ணைவிடப் பெரிது. மரவரிசையை ஒட்டி அவர் நடக்கிற மூன்றடிப் பாதையை மட்டும் சுத்தமாக வையுங்கள். அதையும் மருந்தால் அல்ல, அரிவாளால். அரிந்த புல் அங்கேயே கிடக்கட்டும். வரிசைக்கு நடுவில் உள்ள அகலத்தைத் தொடாதீர்கள். முழுத் தோட்டத்துக்கும் மருந்து அடித்தால் புல்லின் வேரும் செத்து, மண் உதிரியாகிவிடும்.

மஞ்சாலுமூடு: அருமனைக்காரர் சொல்வதில் ஒன்று விட்டுப்போச்சு. எங்கள் ஏலாவுக்கு (சரிவின் அடியில் உள்ள நெல் வயலுக்கு) மேலே ரப்பர் வந்தபிறகு ஊற்றே வற்றிவிட்டது. ரப்பர் தண்ணீரை உறிஞ்சுகிறது.

அருமனை: ஏலாவை நிரப்பி வாழையும் வீடும் வைத்தது யார்? அதற்கும் ரப்பரா காரணம்?

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ரப்பர் தண்ணீர் குடிக்கும், உண்மை. ஆனால் ஊற்று வற்ற இன்னொரு வழியும் உண்டு. மேல்மண் போய்விட்டால், ஊறி இறங்க வேண்டிய மழை மேலோடு ஓடிவிடுகிறது. மழை நின்ற அரை மணியில் ஓடையும் நின்றுபோனால், மேலே மண் கெட்டுவிட்டது என்று அர்த்தம். மஞ்சாலுமூட்டு நண்பர் அதைக் கவனித்து எழுதட்டும். அருமனை ஐயா சொல்வதும் சரி: ஏலாவை மூடினால், மேலிருந்து வருகிற வண்டலும் நீரும் தங்க இடமில்லாமல் போகிறது. பழைய ஆட்கள் சரிவில் கல் கையாலை (தடுப்புச் சுவர்), அடியில் நெல் ஏலா என்று வைத்தார்கள். கையாலையைத் தாண்டி வந்த மண்ணை ஏலா பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டும் இல்லாததால் அது நேராகக் கோதையாற்றுக்குப் போகிறது.

பேச்சிப்பாறை: வயநாடு மாதிரி இங்கேயும் மலை இடியுமா? மழைக்குழி தோண்டினால் தடுக்கலாமா?

மண் அரிப்பும் நிலச்சரிவும் வேறு வேறு. அரிப்பில் மண் மேலிருந்து மெல்ல மெல்லப் போகும். நிலச்சரிவில் பாறைமேல் கிடக்கும் மண் படுக்கை நீரில் ஊறி, பிடி விட்டு, மொத்தமாக நகரும். 2024 ஜூலை 30 வயநாட்டுச் சரிவு மேலே காட்டுப் பகுதியில்தான் தொடங்கியது. மரம் இருந்தால் நடக்காது என்று நினைக்காதீர்கள்.

மழைக்குழி விஷயத்தில் கவனம். இளஞ்சரிவில் நன்மை செய்யும் அதே குழி, செங்குத்தான இடத்தில் படுக்கைக்குள் நீரை இறக்கி ஆபத்தைக் கூட்டும். ஓடை தொடங்கும் குழிவான பகுதியில் குழியும் வேண்டாம், சரிவை வெட்டிய தட்டும் வேண்டாம், வீடும் வேண்டாம். அங்கே நீர் போகும் வழியை மறிக்காதீர்கள். தரையில் புது விரிசலோ, ஊற்று திடீரென்று கலங்குவதோ தெரிந்தால் உடனே இறங்கிவிட்டு, வருவாய்த் துறைக்குச் சொல்லுங்கள்.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: முத்துக்குழிவயல் மலைப் புல்வெளியில் மரம் நட்டால் அரிப்பு குறையுமா சார்?

வேண்டாம்மா. அது தரிசு கிடையாது. அந்தப் புல்லின் வேர்ப்பின்னல் மண்ணை நன்றாகவே பிடித்திருக்கிறது. குழி தோண்டினால் அந்தப் பின்னல்தான் அறும்.

சிதறால்: சித்திரை விடுமுறையில் ஜேசிபி வாடகை குறைவு, அப்போது ஒதுக்கினால்?

மேலே பத்துகாணிக்கு எழுதியதைப் படியுங்கள்.

குலசேகரம்: வெட்டிவேர் எங்கே கிடைக்கும், நட்டால் போதுமா?

ஆறுகாணிக்கு எழுதிய பதில் உங்களுக்கும்தான். நாற்றுக்கு வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

தடிக்காரன்கோணம்: என் விளையில் மண் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மழை விட்டதும் குனிந்து பாருங்கள். சின்னக் கல் ஒவ்வொன்றும் விரல் உயர மண் தூணின்மேல் உட்கார்ந்திருந்தால், கல் மறைக்காத இடத்தில் அவ்வளவு மண் போய்விட்டது. வெளியேறும் நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ராத்திரி முழுவதும் வைத்தால், அடியில் படிவதும் தெரியும். ரப்பர் என்றால் ஒட்டுக் கட்டிய இடத்தைப் பாருங்கள். நடும்போது ஒட்டு தரையோடு இருந்திருக்கும். இப்போது எத்தனை விரல் மேலே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அடிமரத்தின் வேர் பருத்தும் கொஞ்சம் உயரும் என்பதால் பத்து மரமாவது அளக்க வேண்டும்.

அருமனை: இப்போதுதான் போய் அளந்துவிட்டு வந்தேன் சார். பதினாறு வயது மரம். மேல்பக்க வரிசையில் எல்லாம் நாலு விரல். ரெண்டு மரத்தில் பக்கவேர் வெளியே தெரிகிறது.

புதன்கிழமை காலையில் வருகிறேன். அதுவரை மருந்து அடிக்காதீர்கள்.