நான்காவது கை

அன்புள்ள ஐயா,

நான்கு கை நட்சத்திர பாலிமர் (ஒரே மையத்தில் ஒட்டிய நான்கு நீள மூலக்கூறுச் சங்கிலிகள்) செய்கிறேன். ஒவ்வொரு கையிலும் ஸ்டைரீன் ஒரு பிளாக், அடுத்து ஐசோப்ரீன் ஒரு பிளாக். கைகளை மையத்தில் ஒட்டும் சிலிக்கான் டெட்ராகுளோரைடை நாலு கைக்கு ஒன்று என்று துல்லியமாகக் கணக்கிட்டுப் போட்டு, இரண்டு மணி நேரம் கலக்குகிறேன். ஒவ்வொரு முறையும், மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக்காட்டும் ஜிபிசியில் பீக்குக்குப் பக்கத்தில் ஒரு ஷோல்டர், அதாவது ஒட்டிய சிறு மேடு. வெப்பநிலையை 60 டிகிரிக்கு ஏற்றவா, டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்) சேர்க்கவா? மூன்று வருடம் போய்விட்டது.

– ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மனம் கனத்தது. அந்த மூன்றாவது வருடத்தை நானும் கடந்து வந்தவன்.

டிஹெச்எஃப்பை ஐசோப்ரீன் தீரும் முன் ஒரு சொட்டுகூடச் சேர்க்காதீர்கள். சைக்ளோஹெக்சேன் கரைப்பானில் பெரும்பாலும் 1,4 ஆக (ஐசோப்ரீனின் முதல், நான்காம் கார்பன்கள் வழியாக) வளரும் சங்கிலி 3,4 பக்கம் சாய்ந்து, ரப்பர் குணம் குறையும். சூட்டில் நாள்கணக்கில் வைத்தால் உயிருள்ள, அதாவது இன்னும் வளரவல்ல, முனைகளே சாகும். அவ்வளவுதான், இரண்டையும் விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்தத் 'துல்லிய'த்தைப் பார்த்து. ஒரு குளோரினின் இடத்தில் ஒரு கை என்று மூன்று கைகள் ஒட்டியபின் சிலிக்கானைச் சுற்றி ஒரே நெரிசல். நான்காவது குளோரின் உள்ளே புதைந்து கிடக்கிறது. மூன்று கையோடு நின்றவைதான் உங்கள் ஷோல்டர். அதைத் தேடிப் போகவேண்டிய நீளச் சங்கிலிகளும் அதற்குள் குடுவையில் அருகிவிட்டன. கொஞ்சம் ஈரம் வேறு சிலவற்றைக் கொன்றிருக்கும். இதற்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் எப்படி? கைகளை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். முனையில் நாலைந்து பியூட்டடையீன் அலகுகளைச் சேர்த்து நெரிசலைக் குறையுங்கள். அப்புறம் காத்திருங்கள், வாரக்கணக்கில். மிஞ்சிய கைகளை டொலுவீன்-மெத்தனாலில் பிரித்துக்கொள்ளலாம்.

1956-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் வேதியியலாளர் மைக்கேல் ஸ்வார்க் இந்தச் சங்கிலிகளுக்கு 'உயிருள்ள பாலிமர்' என்று பெயர் வைத்தார். மோனோமர் (சங்கிலியில் சேரும் சிறு மூலக்கூறு) தீர்ந்தாலும் முனை சாகாது. மறுபடி கொடுத்தால் மறுபடி வளரும். சங்கிலி காத்திருக்கிறது தம்பி, நீங்கள்தான் அவசரப்படுகிறீர்கள்.

நானும் அவசரப்பட்டேன். ஆரஞ்சுச் சிவப்பாக இருந்த குடுவைக்குள் ஐசோப்ரீன் இறங்கியதும் நிறம் வெளிறி இளமஞ்சளானது இன்றும் கண்ணில் நிற்கிறது. குடுவையில் ஆறு பக்கக் குழாய்கள் வைத்திருந்தோம். இரண்டு நாளுக்கு ஒன்றாகச் சுடரில் உருக்கி அடைத்து எடுத்து, உடைத்து, ஜிபிசி பார்க்கவேண்டும். ஷோல்டர் ஒவ்வொன்றிலும் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு கருத்தரங்கத் தேதிக்காக மூன்றாவது குழாயோடு, முனைகளைக் கொல்லும் மெத்தனாலை விட்டு முடித்துவிட்டேன். மூன்று கையும் நான்கு கையும் எடையில் நெருக்கமானவை, என்ன செய்தும் பிரியவில்லை. நான்கு மாதம் போனது. ஆய்வேட்டில் 'சராசரி 3.6 கை' என்று என் கையாலேயே எழுதினேன்.

சரி, அடுத்த முறை பக்கக் குழாய்களோடு குடுவை ஊதித்தரச் சொல்லுங்கள். எடையை நேர்ச்சங்கிலிப் பாலிஸ்டைரீன் அளவுகோலில் பார்க்காதீர்கள். நட்சத்திரம் சுருங்கிக் கிடப்பதால் குறைத்தே காட்டும், ஒளிச்சிதறலில் பாருங்கள். கடைசிக் குழாயில் ஷோல்டர் மறையும்வரை அந்த இளமஞ்சள் அப்படியே இருக்கட்டும். மெத்தனால் பாட்டிலை வேறு அறையில் வையுங்கள்.